கோப்பைக்காகப் பத்துப் பையன்களை உட்கார வைக்கலாமா?

கன்னியாகுமரி மாவட்டத்தில் நீரோடியிலிருந்து இரயுமன்துறை வரை நீளும் கடற்கரையில் உள்ள ஓர் ஊரிலிருந்து 27 வயது இளைஞர் ஒருவர் எழுதியிருக்கிறார். ஊரையும் ஆட்களையும் அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கிவிட்டு, கடிதத்தின் சுருக்கத்தைத் தருகிறேன்.

ஊர்க் கிளப்பில் ஆடியவர். இப்போது சம்பளம் எதுவும் வாங்காமல் 12 வயதுக்கு உட்பட்ட பையன்களுக்குக் கால்பந்து சொல்லித்தருகிறார். மொத்தம் 19 பேர். கிறிஸ்துமஸ் விடுமுறையில் பக்கத்து ஊரில் நடந்த, அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் போட்டியில் இவர் அணி அரையிறுதிக்குப் போனது. அந்த ஆட்டத்தில் பத்தொன்பது பேரையும் மாற்றி மாற்றி இறக்கினார். 3-0 என்று தோற்றார்கள். பண்டிகைக்காகக் கடலிலிருந்து திரும்பியிருந்த அப்பாக்கள் கோட்டுக்கு வெளியே நின்று இவரைத் திட்டியது பையன்கள் காதிலும் விழுந்தது.

அப்புறம் கமிட்டி கூடியது. மே மாதப் போட்டிக்கு ஒன்பது பேர் போதும், மற்ற பத்துப் பேர் பயிற்சிக்கு வந்தால் வரட்டும் என்று சொல்லிவிட்டார்கள். உயரமான பையனை முன்னால் நிறுத்திவிட்டுப் பின்னாலிருந்து பந்தைத் தூக்கி அடிக்க வேண்டுமாம். 14 வயதுப் பையன்கள் இரண்டு பேரையும் சேர்க்கச் சொல்கிறார்கள். "பிறந்த தேதியை ஆதாரில் மாற்றிக்கொள்ளலாம், நீ கையெழுத்து மட்டும் போடு" என்பது பேச்சு. அந்த உயரமான பையனுக்கு ஆறு வாரமாகக் குதிகால் வலி. ஸ்பிரே அடித்துக்கொண்டு ஆடுகிறான். அணியிலேயே சிறிய பையனின் அம்மா வந்து, "என் மோனை எதுக்குச் சும்மா வெயில்ல நிறுத்தணும்?" என்று அழுதிருக்கிறார்.

அவர் கேட்பவை இவை. தோற்றுக்கொண்டே இருந்தால் பையன்களுக்கு ஆசை விட்டுப்போகாதா? வளர்த்தி இல்லாத பையன்கள் மேல் உழைப்பது வீண்தானா? கோப்பை இல்லாவிட்டால் விளையாட்டு ஒதுக்கீட்டில் பின்னாளில் அடிபடுவார்களா? நான் விலகிவிடட்டுமா?

தம்பி, நான் மருத்துவர், முதலில் குதிகால் வலிக்காரப் பையனைப் பற்றிப் பேசிவிடுகிறேன். மற்ற எதுவும் ஒரு வாரம் காத்திருக்கலாம், அது காத்திருக்கக் கூடாது.

அந்தக் குதிகால்

எட்டு வயதிலிருந்து பதினான்கு வயதுக்குள் ஓடி ஆடும் பிள்ளைகளுக்கு வரும் குதிகால் வலியில் பெரும்பகுதி ஒரே காரணத்தால் வருகிறது. குதிகால் எலும்பின் பின்புறத்தில், எலும்பு இன்னும் முழுக்க இறுகாத ஒரு வளர்ச்சிப் பகுதி இருக்கிறது. கெண்டைக்காலிலிருந்து வரும் தடித்த நரம்பு போன்ற தசைநாண் அங்கேதான் பிடித்திருக்கிறது. பையன் வேகமாக உயரும்போது எலும்பு முதலில் நீள்கிறது, தசை பின்தங்குகிறது. ஒவ்வொரு ஓட்டமும் குதிப்பும் அந்த இளம் எலும்பைப் பிடித்து இழுக்கிறது. செவர் நோய் என்று மருத்துவத்தில் பெயர். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், நிரந்தரக் கேடு எதையும் இது வைத்துவிட்டுப் போவதில்லை.

நீங்களே ஒன்று செய்து பாருங்கள். பையனை உட்கார வைத்து, குதிகாலின் இரண்டு பக்கத்தையும் உள்ளங்கையால் சேர்த்து அழுத்துங்கள். காலைப் பட்டென்று இழுத்துக்கொண்டால் பெரும்பாலும் இதுதான். ஆட்டம் முடிந்து நுனிக்காலில் நடப்பதும் இதன் அடையாளம். ஸ்பிரே வலியை மறைக்கும், இழுவையை நிறுத்தாது. நான்கைந்து வாரம் ஓட்டத்தையும் குதிப்பையும் குறையுங்கள். மாலையில் ஐஸ் ஒத்தடம், தினமும் கெண்டைக்கால் தசையை மெதுவாக நீட்டும் பயிற்சி, செருப்பிலும் பூட்ஸிலும் மெத்தென்ற குதிகால் அட்டை, இவ்வளவுதான் வைத்தியம். இறுகிய தரையில் தட்டையான பூட்ஸ் போட்டு ஓட வேண்டாம். வலி விட்ட பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஆட விடலாம்.

நம் மாவட்டத்தில் அடிபட்டால் வர்ம ஆசானிடம் போவது வழக்கம். அந்த மரபின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் வளரும் எலும்பின் மேல் அழுத்தித் தடவுவது வேண்டாம், ஆசானிடமும் பையனின் வயதைச் சொல்லிவிடுங்கள். ஆட்டத்துக்கு முன் வலி தெரியாமல் இருக்க யார் ஊசி போட்டாலும் சம்மதிக்காதீர்கள். வீக்கம், இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் வலி, காய்ச்சல், ஒரு காலை ஊன்றவே முடியாமை ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும் ஆறு வாரம் நீடித்த வலியை ஒருமுறை மருத்துவர் பார்ப்பதே நல்லது.

ஒன்பது பேரை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள்?

நீங்கள் எழுதியதிலேயே முக்கியமான விஷயம் உங்கள் கமிட்டி போட்ட அந்தப் பட்டியல். ஆட்டம் தெரிந்தவர்களைத்தான் எடுத்தோம் என்று அவர்கள் உண்மையாகவே நம்புவார்கள். ஒரு காகிதத்தில் 19 பேரின் பிறந்த மாதத்தையும் எழுதிப் பாருங்கள். ஜனவரி முதல் தேதியை வைத்து வயது பிரித்தால், ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவில் நிற்பார்கள். ஆனால் இருவருக்கும் இடையே ஏறக்குறைய ஒரு முழு வருட வளர்ச்சி இருக்கிறது. கனடாவின் ஐஸ் ஹாக்கி வீரர்களிடம் இதை 1985-ல் கண்டு எழுதினார்கள். அதற்குப் பிறகு கால்பந்திலும் நாடு நாடாகப் பார்த்துவிட்டார்கள், எங்கும் இதே கதைதான். சின்ன வயதில் தேர்வாகும் பிள்ளைகளில் வருடத்தின் முதல் மாதங்களில் பிறந்தவர்களே குவிகிறார்கள்.

இது பிறந்த மாதத்தோடு முடிவதில்லை. ஆண் பிள்ளைகள் சராசரியாகப் பதின்மூன்றரை, பதினான்கு வயதில் மிக வேகமாக உயர்வார்கள். சிலருக்குப் பன்னிரண்டிலேயே அது வந்துவிடும், சிலருக்குப் பதினைந்து தாண்டித்தான் வரும். பன்னிரண்டு வயதுப் பையன்கள் இருவரின் எலும்பு முதிர்ச்சியில் மூன்று, நான்கு வருட வித்தியாசம் இருப்பதைக் கிளினிக்கில் சாதாரணமாகப் பார்க்கிறோம். அதனால் அந்த வயதில் ஆட்டத்தை ஜெயித்துக் கொடுப்பவன் பெரும்பாலும் முன்னால் வளர்ந்துவிட்ட பையன். ஜெயிப்பதற்காக ஒன்பது பேரை எடுத்தபோது உங்கள் கமிட்டி முன்னால் பருவமடைந்தவர்களை எடுத்திருக்கிறது. கால்பந்துத் திறமையை அவர்கள் இன்னும் பார்க்கவே இல்லை.

நீளமாகத் தூக்கி அடிக்கும் ஆட்டத்தை ஒருமுறை கூர்ந்து பாருங்கள். பின்னால் நிற்பவன் அடிக்கிறான், நடுவில் உள்ள நான்கு பேர் தலைக்கு மேலே பந்து போவதைப் பார்க்கிறார்கள், உயரமானவன் இரண்டு பேரைத் தள்ளிவிட்டு ஓடிக் கோல் போடுகிறான். லைனில் கைதட்டல். நடுவில் நின்ற பையன் அன்று பந்தை எத்தனை முறை தொட்டான்? உங்கள் நண்பர் ஒருவரிடம் பேனாவும் நோட்டும் கொடுத்து, ஒரே ஒரு ஆட்டத்தில் ஒவ்வொருவரும் பந்தைத் தொடுவதைக் கோடு போட்டு எண்ணச் சொல்லுங்கள். அந்த நோட்டைக் கமிட்டியிடம் காட்டுங்கள். நீங்கள் பேச வேண்டியதில் பாதியை அது பேசிவிடும்.

இந்த முறையில் அதிகம் இழப்பவன் அந்த உயரமான பையன்தான் என்பதையும் சொல்லுங்கள். தள்ளிவிட்டு ஓடினாலே கோல் விழும்போது, இடது காலால் பந்தை நிறுத்த அவன் ஏன் கற்கப்போகிறான்? தலையைத் தூக்கி யாருக்குக் கொடுப்பது என்று ஏன் பார்க்கப்போகிறான்? பதினைந்து, பதினாறு வயதில் மற்றவர்களும் வளர்ந்து சமமாக வரும்போது அவன் கையில் எதுவும் மிஞ்சாது. பயிற்சியில் வாரம் ஒருநாள் அவனைப் பெரிய பையன்களோடு ஆட விடுங்கள், குதிகால் சரியான பிறகு. அங்கே தள்ளிவிட முடியாதபோது காலும் கண்ணும் வேலை செய்யத் தொடங்கும்.

சிறிய பையன் வீணா?

இல்லை. பிரான்ஸின் கிரீஸ்மனை அவர் நாட்டுக் கிளப்புகள் பல, சிறிய உடம்பு என்று திருப்பி அனுப்பின. 14 வயதில் ஸ்பெயினின் ரியல் சோசியதாத் அவரை எடுத்துக்கொண்டது. 2018-ல் உலகக் கோப்பை வென்ற பிரான்ஸ் அணியில் அவர் இருந்தார். சிறிய பையன்கள் எல்லோரும் கிரீஸ்மன் ஆகிவிடுவார்கள் என்று நான் சொல்லவில்லை. பன்னிரண்டு வயதில் உடம்பைப் பார்த்துத் தீர்ப்பு எழுத முடியாது, அவ்வளவுதான். உடம்பால் முடியாததைக் காலாலும் யோசனையாலும் ஈடுகட்டப் பழகிய பையன், வளர்த்தி வந்த பிறகு இரண்டையும் வைத்திருப்பான். அதற்கு அதுவரை அவன் விளையாட்டை விடாமல் இருக்க வேண்டும். பெஞ்சில் உட்கார வைத்தால் விட்டுவிடுவான்.

அந்த அம்மாவிடம் ஒன்று சொல்லுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சுவரோடு நிறுத்தி உயரத்தைக் குறிக்கட்டும். வேக வளர்ச்சிக்கு முந்தைய வயதில் வருடத்துக்கு ஐந்து சென்டிமீட்டர் அளவில் உயர்ந்துகொண்டிருந்தால் கவலை இல்லை. நான்குக்கும் கீழே போனால் குழந்தை மருத்துவரிடம் காட்ட வேண்டும். நீங்களும் 19 பேருக்கும் இதே கணக்கை வைத்திருங்கள். மூன்று மாதத்தில் இரண்டு சென்டிமீட்டரைத் தாண்டினால் அந்தப் பையன் வேக வளர்ச்சியில் இருக்கிறான் என்று பொருள். அந்தக் காலத்தில் கால் தடுமாறும், நேற்று வந்த பாஸ் இன்று வராது, முழங்காலும் குதிகாலும் வலிக்கும். சோம்பல் என்று திட்டிவிடாதீர்கள், பயிற்சியைக் கொஞ்சம் குறையுங்கள்.

தோற்றால் ஆசை போய்விடுமா?

பிள்ளைகளுக்கு ஜெயிக்க ஆசை உண்டு. வெற்றி தோல்வி ஒன்றுமில்லை என்று அவர்களிடம் சொன்னால் நம்பமாட்டார்கள், நம்பவும் வேண்டாம். அமெரிக்காவின் ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கால்பந்து ஆடும் பிள்ளைகளிடம் விளையாட்டில் எது சந்தோஷம் தருகிறது என்று கேட்டு 2014-ல் வெளியிட்டார்கள். கிடைத்த 81 காரணங்களில் ஜெயிப்பது 48-வது இடத்தில் இருந்தது. முழு மூச்சாக ஆடுவது, கோச் நல்லபடியாக நடத்துவது, கூட்டாளிகளோடு நன்றாகப் பழகுவது எல்லாம் மேலே இருந்தன. கிறிஸ்துமஸ் ஆட்டத்தில் உங்கள் பையன்களை அதிகம் காயப்படுத்தியது அந்த மூன்று கோல் அல்ல, கோட்டுக்கு வெளியே கேட்ட சத்தம் என்றுதான் நினைக்கிறேன். கேட்டுப் பாருங்கள்.

ஆனால் ஒன்றை நேராகச் சொல்ல வேண்டும். ஒரு செவன்ஸ் ஆட்டத்தில் 19 பேரை இறக்கியதில் பையனுக்குச் சில நிமிடங்கள்தான் கிடைத்திருக்கும். உடம்பு சூடாகும் முன் வெளியே வந்திருப்பான். அதையும் வளர்ச்சி என்று சொல்ல முடியாது. அரையிறுதி என்பதால் பையன்களே குழம்பியும் போயிருப்பார்கள். யார் எவ்வளவு நேரம் ஆடுவார் என்பதைப் போட்டி தொடங்கும் முன்பே எழுதிவைத்து, பெற்றோரிடம் சொல்லிவிட்டு, கடைசி ஆட்டம் வரை அதை மாற்றாமல் இருங்கள். 19 பேர் இருந்தால் இரண்டு அணியாகப் பெயர் கொடுங்கள். போட்டி நடத்துபவர்கள் ஒரு அணிதான் என்றால், முதல் ஆட்டத்தில் பாதிப் பேர், இரண்டாம் ஆட்டத்தில் மீதிப் பேர். ஆளுக்குக் குறைந்தது ஒரு பாதி.

உலகம் எப்படிச் செய்கிறது என்று கமிட்டி கேட்டால் சொல்ல இதோ சில. நார்வேயில் 11 வயதுக்கு முன் புள்ளிப்பட்டியலே போடக் கூடாது. இங்கிலாந்தில் சின்னப் பிள்ளைகள் ஐந்து பேர், ஏழு பேர், ஒன்பது பேர் என்று படிப்படியாக ஏறி, அதன் பிறகுதான் பதினொருவர் ஆட்டத்துக்கு வருகிறார்கள். ஜெர்மனி 2024-25 பருவத்திலிருந்து மிகச் சிறிய பிள்ளைகளுக்குச் சின்ன மைதானம், மூன்றுக்கு மூன்று ஆட்டம் என்று நாடு முழுக்க மாற்றிவிட்டது. உலகக் கோப்பையை நான்கு முறை வென்ற நாடு அது. நம் அகில இந்தியக் கால்பந்து சம்மேளனமும் 2018-ல் சின்னப் பிள்ளைகளுக்கான பேபி லீக்கைத் தொடங்கியபோது குறைந்த ஆட்களோடுதான் நடத்தச் சொன்னது.

உங்களுக்குப் பெரிய மைதானம் தேவையில்லை. கடற்கரை மணலில் நான்கு பேருக்கு நான்கு பேர் என மூன்று களம் போட்டு, பக்கத்துப் பங்குகளின் பையன்களையும் கூப்பிட்டு மாதம் ஒரு சனிக்கிழமை ஆட விடுங்கள். பத்து நிமிட ஆட்டங்கள், கோப்பை இல்லை. ஜூன், ஜூலையில் கடல் ஏறி மணலை எடுத்துக்கொண்டு போகும் என்பது உங்களுக்குத்தான் தெரியும், அதற்கு முன்பே தொடங்குங்கள்.

ஆதார் தேதி, கையெழுத்து

இதில் இரண்டு பக்கம் பார்க்க எதுவும் இல்லை. போடாதீர்கள். பிறப்புப் பதிவையோ ஆதார் போன்ற அரசு அடையாள ஆவணத்தையோ போலியாக உருவாக்குவது, நாட்டின் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 337-வது பிரிவில் ஏழு ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். போலி என்று தெரிந்தே பயன்படுத்துபவரும் தப்ப முடியாது. உள்ளூர்ப் போட்டிதானே என்று யாரும் சமாதானம் சொல்ல வேண்டாம். விளையாட்டில் வயது மோசடிக்கு எதிராக மத்திய விளையாட்டு அமைச்சகம் 2010-லேயே தேசிய விதி வகுத்திருக்கிறது. சம்மேளனத்தின் பதிவில் ஒரு தேதி ஏறிவிட்டால் பின்னால் மாற்றுவது கடினம். மணிக்கட்டு எக்ஸ்ரேயில் வேறு வயது தெரிந்து தடை வந்தால், பாதிக்கப்படுவது அந்தப் பதினான்கு வயதுப் பையன்கள். அவர்களைக் கேட்டா இதைச் செய்கிறார்கள்?

மருத்துவராக எனக்கு இன்னொரு கவலை. பருவமடைந்த பதினான்கு வயதுப் பையன் முழு வேகத்தில் வந்து பத்து வயதுப் பையன் மேல் மோதினால் உடைவது எலும்பாக இருக்கலாம், தலையாகவும் இருக்கலாம். அந்த அணிப் பட்டியலில் இருப்பது உங்கள் கையெழுத்து.

சான்றிதழ் பயம்

12 வயதுக்கு உட்பட்டோர் உள்ளூர்ப் போட்டியின் சான்றிதழ் கல்லூரியிலோ அரசு வேலையிலோ எண்ணப்படுவதில்லை. தமிழ்நாட்டில் அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. மாநிலத்துக்காகவோ நாட்டுக்காகவோ ஆடியதை உரிய படிவத்தில் காட்ட வேண்டும். அந்த நிலைக்குப் போக, பதினேழு வயதிலும் இந்தப் பையன்கள் ஆடிக்கொண்டிருக்க வேண்டும், முழங்காலும் குதிகாலும் நல்லபடியாக இருக்க வேண்டும். கமிட்டியில் யாரோ சூசைராஜ் பெயரைச் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். இரவிபுத்தன்துறையின் மைக்கேல் சூசைராஜ் சென்னை சிட்டி கிளப்புக்கு ஆடி, 2018-ல் ஜாம்ஷெட்பூருக்கும் அடுத்த ஆண்டு ஏ.டி.கே.வுக்கும் போனார். அந்தக் கிளப்புகள் எதுவும் பன்னிரண்டு வயதுக் கோப்பைகளை எண்ணிப் பார்த்து ஆள் எடுப்பதில்லை.

விலகலாமா?

இப்போது வேண்டாம். நீங்கள் போனால் அந்த இடத்துக்கு வருபவர் கையெழுத்துப் போடுபவராக இருப்பார்.

கமிட்டியோடு தனியாக மோதாதீர்கள். ஞாயிறு பூசை முடிந்ததும் பெற்றோர் கூட்டம் ஒன்று போடப் பங்குத்தந்தையிடம் கேளுங்கள். முடிந்தால் ஆண்கள் கரையில் இருக்கும் நாளாகப் பாருங்கள், ஏனென்றால் நீங்கள் பேச வேண்டியது அவர்களிடம். முதல்முறை ஆழ்கடலுக்குக் கூட்டிப்போன பையனிடம் அவர்கள் மீன் கணக்குக் கேட்பதில்லை, தொழிலைத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். பத்து வருடம் கழித்து அவன் படகை நடத்தும் நல்ல ஸ்ராங்கு ஆவதே அவர்களுக்கு வேண்டும். மகன் விஷயத்தில் அவர்கள் செய்ய வேண்டியதும் அதே பொறுமைதான், இதை அவர்களைவிட யாருக்கும் நன்றாகப் புரியாது. மாதக்கணக்கில் மகனைப் பார்க்காமல் இருந்துவிட்டு வந்து, கிடைத்த ஓர் ஆட்டத்தில் அவன் ஜெயிப்பதைப் பார்க்க ஆசைப்படுகிறார்கள். அந்த ஆசையில் தப்பில்லை. அதை அவமதிக்காமல் பேசுங்கள்.

கூட்டத்தில் மூன்று விஷயங்களை எழுத்தில் வாங்குங்கள். எல்லாப் பையன்களுக்கும் குறைந்தபட்ச ஆட்ட நேரம், பொய் வயதுக்குக் கையெழுத்து இல்லை, ஆட்டத்தின்போது லைனில் நின்று பையன்களுக்கோ கோச்சுக்கோ யாரும் உத்தரவு போடக் கூடாது. 12 வயது முடிந்த பிறகு போட்டியில் ஜெயிக்க ஆள் தேர்ந்தெடுப்பதைப் பற்றிக் கமிட்டியோடு பேசத் தயார் என்றும் சொல்லுங்கள், அது நியாயமான விட்டுக்கொடுப்பு. முதலிலும் மூன்றாவதிலும் வளைந்து கொடுக்கலாம். இரண்டாவதில் அவர்கள் பிடிவாதமாக இருந்தால் அந்தப் போட்டியின் பட்டியலிலிருந்து உங்கள் பெயரை எழுத்து மூலம் விலக்கிக்கொள்ளுங்கள், கடிதத்தின் நகலை வைத்திருங்கள். பயிற்சியை மட்டும் விடாதீர்கள்.

பயிற்சி நேரத்தையும் பாருங்கள். பன்னிரண்டு வயதுப் பையனுக்குப் பள்ளி, கிளப் எல்லாம் சேர்த்து வாரத்துக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் முறையான பயிற்சி வேண்டாம், ஒருநாளாவது முழு ஓய்வு வேண்டும். ஃபிஃபாவின் '11+ கிட்ஸ்' என்ற பதினைந்து இருபது நிமிட வார்ம்-அப் பயிற்சிகள் பிள்ளைகளின் காயங்களை ஏறக்குறைய பாதியாகக் குறைத்ததாக ஆய்வில் தெரிந்திருக்கிறது. கருவி எதுவும் வேண்டாம், ஒரு பந்து போதும், காணொளிகள் இணையத்தில் இலவசம்.

குதிகால் வலிக்காரப் பையனை இந்த வாரமே காட்டுங்கள். 19 பேரின் பிறந்த மாதமும் உயரமும் எழுதிய தாளை, பெயர்கள் இல்லாமல், எனக்கு அனுப்புங்கள். யாருடைய வளர்ச்சியைத் தனியாகக் கவனிக்க வேண்டும், யாருக்குப் பயிற்சியைக் குறைக்க வேண்டும் என்று குறித்துத் திருப்பி அனுப்புகிறேன்.